நெஞ்சுச் சளியை வெளியேற்ற மூச்சே முதல் கருவி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைக் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட்ட சிலரும் அதை வெளிநாட்டுக்காரர்களுக்கு வருவது, குழந்தைகளோடு முடிந்துபோவது என்று நினைக்கிறார்கள். இந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பதை 1960களிலேயே நம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிகிச்சை மேம்பட்டதால் அந்தக் குழந்தைகள் இன்று வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகும் வயதுக்கு வருகிறார்கள். நோயின் தீவிரம் குறைந்தவர்களுக்கோ இருபது, முப்பது வயதில்தான் முதன்முதலில் பெயரே தெரிகிறது.

வயது வந்தவருக்கு அன்றாடச் சிகிச்சையில் முக்கியமானது, நுரையீரலில் தங்கும் கெட்டிச் சளியைத் தினமும் வெளியே கொண்டுவருவது. ‘ஏர்வே கிளியரன்ஸ்’ என்று பிசியோதெரபி பிரிவில் சொல்வார்கள். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் அவை எதுவும் இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

உள்ளே என்ன நடக்கிறது

நம் உடலில் 7ஆம் குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்றொரு மரபணு இருக்கிறது. 1989ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. செல்களின் சவ்வில் குளோரைடு உப்பு போய்வரும் வழியை அமைப்பது இதன் வேலை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் அந்த வழி அடைபடும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஈரம் குறைந்து, சளி பசையாக ஒட்டிக்கொள்ளும். சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளால் அதை அசைக்க முடியாது. தேங்கிய சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறும். தொற்று வந்து வந்து போக, மூச்சுக்குழாய்ச் சுவர் தளர்ந்து விரியும். இந்த விரிவைத்தான் ‘பிராங்கியெக்டேசிஸ்’ என்கிறார்கள்.

பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது.

நோயை உறுதிசெய்வது வியர்வைப் பரிசோதனை. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்வார்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்களில் இந்தப் பரிசோதனை நடக்கிறது. அதற்கு முன்பே பலருக்குக் காசநோய் என்று முத்திரை விழுந்துவிடுகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லாமலே இரண்டு முறை, மூன்று முறை காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள், கூடவே கணையக் கோளாறோ ஆண்களுக்குக் குழந்தையின்மையோ இருப்பவர்கள், இந்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

காசநோய் ஆறிய பிறகு மூச்சுக்குழாய் விரிந்து, தினமும் கோழை துப்பிக்கொண்டிருப்பவர்கள் நம் ஊர்களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளைவிட மிக அதிகம். இந்தியாவில் 31 மையங்களில் 2,195 பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு 2019ல் வெளியானது. அதில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் காரணம் பழைய காசநோய். கீழே வரும் மூச்சுப் பயிற்சிகள் அவர்களுக்கும் பொருந்தும். மருந்துகளில் மட்டும் வேறுபாடு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இருமினால் போதாதா?

போதாது. விடாமல் இருமினால் கெடுதலும் உண்டு. தளர்ந்த மூச்சுக்குழாய் பலமான இருமலின் அழுத்தத்தில் நசுங்கி மூடிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கும் சளி அங்கேயே சிக்கிவிடும். ஆள் களைத்துப்போவார், சளி வராது. எனவே முதலில் சளிக்குப் பின்னால் காற்றைக் கொண்டுபோக வேண்டும். பிறகு அந்தக் காற்றை மிதமான வேகத்தில் வெளியே விட்டுச் சளியைப் பெரிய குழாய்க்கு நகர்த்த வேண்டும். அங்கே வந்த பிறகு ஒரே ஒரு இருமல் போதும். எல்லா முறைகளுக்கும் அடிப்படை இதுதான்.

மூச்சுச் சுழற்சி: படிப்படியாக

உலகெங்கும் அதிகம் கற்றுத்தரப்படும் முறை இது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.சி.பி.டி. என்பார்கள். நியூஸிலாந்தில் தொடங்கி, லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் செம்மைப்பட்டது. யார் உதவியும் வேண்டாம், தனியாகவே செய்யலாம். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும், வேலைக்காக வெளியூரில் அறை எடுத்திருப்பவருக்கும் இதனால்தான் இது ஏற்றது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தோள்கள் தளர்ந்திருக்கட்டும்.

முதல் படி, அமைதியான மூச்சு. ஒரு கையை மேல்வயிற்றில் வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து விடுங்கள். கை லேசாக ஏறி இறங்க வேண்டும். அரை நிமிடம், அல்லது மூச்சு நிதானத்துக்கு வரும் வரை.

இரண்டாவது, ஆழ்ந்த மூச்சு. விலா விரியும்படி நன்றாக இழுத்து, மூன்று நொடி பிடித்து, அழுத்தாமல் விடுங்கள். இப்படி மூன்று, நான்கு முறை. அதற்கு மேல் தொடர்ந்தால் தலை சுற்றும். அந்த மூன்று நொடிப் பிடிப்பில்தான் காரியம் இருக்கிறது. அடைபட்ட குழாய்க்குப் பக்கத்துக் காற்றறைகளின் சிறு துளைகள் வழியாகக் காற்று அந்நேரத்தில் சளிக்குப் பின்புறம் போய்ச் சேரும். பிறகு மீண்டும் அமைதியான மூச்சு.

மூன்றாவது, ஹஃப். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல, வாயை ‘ஓ’ என்று திறந்து, தொண்டையை இறுக்காமல், வயிற்றை உள்ளே இழுத்துக் காற்றை வெளியே தள்ளுவது. ‘ஹா’ என்ற காற்றொலி மட்டும் கேட்க வேண்டும். தொண்டை கரகரத்தால் இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

ஹஃபிலும் இரண்டு வகை உண்டு. மிதமாக மூச்சை இழுத்து, நீளமாக ஊதினால் உள்ளே சிறு குழாய்களில் இருக்கும் சளி நகரும். நிறைய இழுத்து, சற்று வேகமாகவும் சுருக்கமாகவும் ஊதினால் பெரிய குழாய்க்கு வந்துவிட்ட சளி மேலே ஏறும். எனவே முதலில் நீள ஹஃப். நெஞ்சில் சளி புரளும் சத்தம் மேலே வந்ததும் குறுகிய ஹஃப். அதன்பின் ஒரு இருமல். ஒன்று, இரண்டு ஹஃப் முடிந்ததும் கட்டாயம் அமைதியான மூச்சுக்குத் திரும்புங்கள். இல்லாவிட்டால் குழாய் சுருங்கி இழுப்பு வரலாம்.

இதையே சுழற்சியாக 10 முதல் 20 நிமிடம் செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு சுழற்சிகளில் ஹஃப் சத்தம் உலர்ந்து கேட்டு, சளியும் வராவிட்டால் அன்றைய வேளை முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை போதும். தொற்று வந்த நாட்களில் கூடுதலாகத் தேவைப்படும். சாப்பிடுவதற்கு முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ செய்யுங்கள்.

பெண்கள் பலர் வெளியே சொல்லாத சிரமம் ஒன்று உண்டு. இருமும்போதும் ஹஃப் செய்யும்போதும் சிறுநீர் கசிவது. அதற்குப் பயந்து பாதி மூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹஃபுக்குச் சற்று முன்னே சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிக்கொள்ளும் பயிற்சி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

தண்ணீர்ப் பாட்டிலில் ஊதுவது

மூச்சை வெளியே விடும்போது எதிரே சிறு தடை இருந்தால் குழாய்கள் மூடாமல் திறந்து நிற்கும். காற்று சளிக்குப் பின்னால் போகவும் வழி கிடைக்கும். ‘பெப்’ என்ற இந்த முறை 1980களில் டென்மார்க்கில் மாஸ்க் வைத்துத் தொடங்கியது. அதையே பாட்டிலும் டியூபும் கொண்டு செய்யலாம்.

வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டில், உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத சுத்தமான பிளாஸ்டிக் டியூப், கொதித்து ஆறிய தண்ணீர். டியூபின் நுனிக்கு மேலே தண்ணீர் 10 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். அந்த உயரம்தான் தடையின் அளவு. 20 சென்டிமீட்டர் வரை கூட்டுவதா என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். டியூப் குறுகலாக இருந்தாலோ, பாட்டில் வாயைக் காற்றுப் போகாமல் மூடிவிட்டாலோ தடை அளவு மீறிப்போகும். மூக்கால் இழுத்து, டியூபில் மூன்று, நான்கு நொடி குமிழ் வரும்படி சீராக ஊதுங்கள். பத்து முறை ஊதியதும் ஹஃப். டியூபை வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சக் கூடாது. முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, பாட்டிலையும் டியூபையும் கழுவி நன்றாக உலர்த்துங்கள். நேற்றைய தண்ணீரில் இன்று ஊதினால் கிருமியை நாமே வரவழைத்ததாகும்.

கடையில் கிடைக்கும் கருவிகள்

ஃப்ளட்டர், அக்கபெல்லா போன்றவை கையடக்கமானவை. ஊதும்போது தடையோடு அதிர்வும் சேரும். அந்த அதிர்வு சளியைத் தளர்த்தும். நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மின்சாரத்தால் அதிரவைக்கும் சட்டையும் உண்டு. விலை மிக அதிகம். ஆனால் கனடாவில் பெப் மாஸ்க்கையும் அதிர்வுச் சட்டையையும் ஓராண்டு ஒப்பிட்டு, 2013ல் முடிவை வெளியிட்டார்கள். மாஸ்க்கில் ஊதியவர்களுக்கே தொற்று குறைவாக வந்தது. பொதுவாக இந்த முறைகளில் எல்லோருக்கும் சிறந்தது என்று ஒன்றை ஆய்வுகள் காட்டவில்லை. ஒருவர் சரியாகக் கற்று, தினமும் விடாமல் எதைச் செய்வாரோ அதுவே அவருக்கு நல்லது.

ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி பல வீடுகளில் இருக்கிறது. அது மூச்சை உள்ளே இழுக்கும் பயிற்சிக்கானது. பந்து மூன்றும் ஏறினால் சளி வந்துவிடும் என்று நம்பி ஹஃபை விட்டுவிடாதீர்கள்.

முதுகில் தட்டுவது பழைய முறை. குழந்தைகளுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் இன்றும் உதவும். ஆனால் தட்டிவிட இன்னொருவர் வேண்டும். தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்துத் தட்டுவதைப் பல மையங்கள் கைவிட்டுவிட்டன. வயிற்று அமிலம் மேலேறுவதும் மூச்சு முட்டுவதும்தான் காரணம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்து ஹஃப் செய்வது பாதுகாப்பானது.

உப்புக் கரைசலும் மற்ற மருந்துகளும்

ஆஸ்திரேலியாவில் இந்நோய் உள்ளவர்களில் கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கு நெஞ்சு லேசாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவு 2006ல் வந்தது. 164 பேர் 48 வாரம் பங்கேற்ற சோதனையில், 7 சதவீத உப்புக் கரைசலைத் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 4 மில்லி, நெபுலைசரில் எடுத்தவர்களுக்கு நுரையீரல் தொற்றுத் தாக்குதல்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. உப்பு தண்ணீரை இழுத்து, உலர்ந்த குழாய்க்கு ஈரம் சேர்க்கிறது.

இதைப் படித்துவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்று வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடல் நீரை நெபுலைசரில் ஊற்றுவதோ வீட்டு உப்பைக் கரைத்து ஊற்றுவதோ ஆபத்து. கிருமி நீக்கிய ஆம்பூல்தான் வேண்டும். அதன் செறிவை மருத்துவர் சொல்வார். சிலருக்கு இது இழுப்பை உண்டாக்கும். எனவே முதல் வேளையை மருத்துவமனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் எடுத்த பிறகு, ஊதும் அளவைச் சோதித்துப் பார்த்தே தொடங்குவார்கள்.

டோர்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து சளியில் உள்ள டி.என்.ஏ. இழைகளை வெட்டி அதை இளக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு இது நல்லது. வேறு காரணத்தால் வந்த பிராங்கியெக்டேசிஸுக்குக் கெடுதல் செய்வதாக 1998ல் வந்த ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே சளிதான் என்று மருந்தைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே சான்று. இருமலை அடக்கும் சிரப்பும் வேண்டாம். சளி வெளியே வரவேண்டிய நோய் இது. ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கலாம். நெபுலைசருக்கு அது ஈடாகாது.

வரிசை முக்கியம். முதலில் குழாயை விரிக்கும் இன்ஹேலர். அடுத்து உப்புக் கரைசல். பிறகு மூச்சுப் பயிற்சியும் ஹஃபும். நெஞ்சு சுத்தமானதும் கடைசியில் உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக். அடைப்பு இருக்கும்போது ஆன்டிபயாடிக்கை முதலில் எடுத்தால் அது போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

நெபுலைசர் கோப்பையை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தப் பொருள் கொதிநீரைத் தாங்கும் என்றால் தினம் ஒரு முறை 5 நிமிடம் கொதிக்கவையுங்கள். பிறகு சுத்தமான துணியில் காற்றாட உலர்த்துங்கள். கொதிக்கவைத்ததைத் திரும்பக் குழாய்த் தண்ணீரில் அலசினால் பலன் போய்விடும்.

மரபணுப் பழுதின் விளைவையே சீர்செய்யும் மூன்று மருந்துக் கூட்டு ஒன்றுக்கு 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிடுபவர்களில் பலருக்குச் சளி வெகுவாகக் குறைந்திருக்கிறது. அங்கே ஆண்டுச் செலவு மூன்று லட்சம் டாலர் அளவில் இருப்பதால், நம் ஊர் நோயாளிக்கு அது எட்டாத உயரத்தில் நிற்கிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் இடம்பெற்றிருப்பதால், என்ன உதவி கிடைக்கும் என்று மருத்துவரிடம் விசாரியுங்கள்.

வெயில், வெள்ளம், புயல்

இந்நோயாளிகளின் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறும். அக்னி நட்சத்திரத்தில் கடலூர் வெயிலில் நின்றால் உடல் உப்பும் நீரும் வற்றி, சளி இன்னும் கெட்டியாகும். இவர்களுக்கு ‘உப்பைக் குறை’ என்ற பொது அறிவுரை பொருந்தாது. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள்.

உடற்பயிற்சி சளியை அசைக்கும். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளையும் அதிகாலையில் விரைந்து நடந்து வருவது நல்ல பயிற்சி. பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சு வாங்க வேண்டும், அந்த வேகம் போதும். நடுநடுவே நின்று ஹஃப் செய்தால் இரட்டைப் பலன். புகை, தூசு, பட்டாசு இருக்கும் நேரத்தைத் தவிருங்கள்.

மழைக்காலத்தில் தென்பெண்ணை, கெடிலம், கொள்ளிடம் பெருகினால் வயலும் தெருவும் சேறாகும். மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் கிருமி சேற்று மண்ணிலும் வெள்ளநீரிலும் வாழ்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு அந்தத் தொற்று எளிதில் வரக்கூடும். நடவு வேலையிலும் வெள்ளநீரிலும் இவர்கள் இறங்காமலிருப்பது நல்லது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நாளில் மின்சார நெபுலைசரும் அதிர்வுச் சட்டையும் அலமாரியில்தான் இருக்கும். மூச்சுச் சுழற்சிக்கும் பாட்டிலுக்கும் மின்சாரம் வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் இந்த இரண்டையும் மின்கருவியின் துணையில்லாமல் செய்யப் பழகிவிடுங்கள். இன்ஹேலர், மாத்திரைகளை ஒரு மாதத்துக்குக் கைவசம் வைத்திருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ரத்தம் வந்தால் உப்புக் கரைசல், பாட்டில், தட்டுதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் நுரையீரல் உறையில் காற்று கசிந்திருக்கலாம். அப்போதும் ஊதக் கூடாது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சளியின் அளவு கூடுவது, நிறம் மாறுவது, எடை குறைவது, வழக்கமான நடையிலேயே மூச்சு வாங்குவது ஆகியவை புதிய தொற்றின் அறிகுறிகள்.

இந்நோய் உள்ள இருவர் சந்தித்தால் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. ஒருவர் கிருமி மற்றவருக்கு ஒட்டும். பிசியோதெரபி பிரிவில் வேறு நேரம் கேட்டு வாங்குங்கள்.

கற்றுக்கொள்ள எங்கே போவது

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று அரசின் கையில் இருக்கும் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இந்தப் பக்கத்து மக்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையும் உண்டு. உங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போகும்போது மருந்துச் சீட்டை நீட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் செய்கிறபடியே ஒரு சுழற்சி முழுவதையும் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்துகாட்டுங்கள். பாட்டிலையும் டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். தொண்டை இறுகுவது, மூன்று நொடி பிடிக்காமல் விடுவது, ஹஃபுக்குப் பின் ஓய்வில்லாமல் இருமுவது எல்லாம் செய்பவருக்குத் தெரியாது, பார்ப்பவருக்கு உடனே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் சரிபார்த்துக்கொண்டால், தினமும் செலவழிக்கும் அந்த இருபது நிமிடம் வீண்போகாது.